டேஷ்கேம் கார்டு: வாங்கும்போதும் வாங்கின பிறகும்

டேஷ்கேம், அதாவது வண்டி முன் கண்ணாடியில இருந்து ரோட்டைப் பதிவு பண்ற கேமரா, மாட்ட வர்றவங்க கேமராவைப் பத்தி அரை மணி நேரம் கேள்வி கேப்பாங்க. 4கே வேணுமா 2கே போதுமா, பின்னாடியும் ஒண்ணு போடணுமா, ராத்திரியில எதிர் வண்டி நம்பர் தெரியுமா, வயரை உள்ளே மறைச்சு விடுவீங்களா. எல்லாம் பேசி முடிச்சு வண்டியை உள்ளே விடும்போது, "மெமரி கார்டு ஏதாவது ஒண்ணு போட்டுடுங்கண்ணே, பழைய ஃபோன்ல இருந்தது ஒண்ணு வீட்ல கிடக்கு, அதுவே போதும்ல?"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. சென்னையில கார் ஆக்சஸரீஸ் ஃபிட்டிங்தான் என் பொழப்பு. "கேமரா வேலை செய்யல"ன்னு திரும்பி வர்ற வண்டிகள்ல பெரும்பாலும் கேமரா நல்லாத்தான் இருக்கும், கார்டுதான் போயிருக்கும். அதனால எந்தக் கேமரா நல்லதுங்கிற பஞ்சாயத்துக்கு நான் வரல. கார்டை மட்டும் பேசுவோம்.

பழைய ஃபோன் கார்டு ஏன் தாங்காது

ஃபோன்ல இருக்கிற கார்டுல எப்பவாவது நாலு ஃபோட்டோ, ரெண்டு வீடியோ ஏறும். மத்த நேரம் எல்லாம் இருக்கிறதைப் படிக்கிற வேலைதான். டேஷ்கேம்ல வண்டி ஓடுற நேரம் பூரா எழுதிக்கிட்டே இருக்கும். இடம் தீர்ந்ததும் பழைய வீடியோவை அழிச்சு அந்த இடத்துலேயே புதுசை எழுதும். இதைத்தான் லூப் ரெக்கார்டிங்னு சொல்றது. கார்டுக்குள்ள தகவலைச் சேமிக்கிற சின்னச் சின்ன அறைகள்தான் ஃபிளாஷ் செல். அதை இத்தனை தடவைதான் அழிச்சு எழுத முடியும்னு ஒரு வரம்பு உண்டு. இப்ப கடையில கிடைக்கிறது பெரும்பாலும் டிஎல்சி வகை, ஒரு செல்லுக்கு மூணு பிட். அது ஏறக்குறைய 1,000-லேருந்து 3,000 தடவை வரைக்கும் தாங்கும். க்யூஎல்சின்னா ஒரு செல்லுக்கு நாலு பிட். விலையும் குறையும், ஆயுளும் குறையும்.

இதை உங்க வண்டியோட கணக்குல போட்டுப் பாருங்க. விநாடிக்கு 26 மெகாபிட் எழுதுற ஃபுல் எச்டி கேமரான்னா, எட்டு மெகாபிட் ஒரு எம்பிங்கிற கணக்குல ஒரு மணி நேரத்துக்கு 11.7 ஜிபி. நாளைக்கு 10 மணி நேரம் ஓடுற கால் டாக்ஸியில அது 117 ஜிபி. அப்படின்னா 64 ஜிபி கார்டு ஒரே நாள்ல கிட்டத்தட்ட ரெண்டு சுத்து முழுசா எழுதப்படுது, வருஷத்துக்கு 650 சுத்துக்கு மேல. அதே கேமராவை வீட்லேருந்து ஆபீஸுக்கு தினம் ஒரு மணி நேரம் ஓட்டுறவர் வெச்சிருந்தா, ஒரு சுத்து முடியவே அஞ்சு நாள் ஆகும். வருஷத்துக்கு 70 சுத்துகூட வராது.

டாக்ஸிக்காரருக்கும் ஆபீஸ்காரருக்கும் ஒரே கார்டை நீட்டுறது தப்புன்னு நான் சொல்றது இதனாலதான். எத்தனை மணி நேரம் ஓடும்ங்கிறதுதான் முதல் கேள்வி. எத்தனை ஜிபி, என்ன ஸ்பீடு எல்லாம் அதுக்கு அப்புறம்.

பாக்கெட்டுல 'எண்ட்யூரன்ஸ்'னு போட்டு வர்ற கார்டுகள் இந்த வேலைக்குன்னே செஞ்சது. சான்டிஸ்க்ல 'ஹை எண்ட்யூரன்ஸ்', அதுக்கு மேல 'மேக்ஸ் எண்ட்யூரன்ஸ்'. சாம்சங்ல 'ப்ரோ எண்ட்யூரன்ஸ்'. கிங்ஸ்டன், டிரான்சென்ட்லயும் இதே மாதிரி உண்டு. இவங்க பதிவு நேரத்தையே மணிக் கணக்குல சொல்லிடுறாங்க. சான்டிஸ்க் ஹை எண்ட்யூரன்ஸ் 64 ஜிபிக்கு 5,000 மணி நேரம், 128 ஜிபிக்கு 10,000 மணி நேரம். மேக்ஸ் எண்ட்யூரன்ஸ்ல 64 ஜிபிக்கே 30,000, 128-க்கு 60,000. சைஸ் ரெட்டிப்பானா ஆயுளும் ரெட்டிப்பாகுது பாருங்க. எழுத்து வேலை அதிக செல்லுக்குப் பிரிஞ்சு போறதுதான் காரணம்.

நம்ம டாக்ஸிக்காரர் 64 ஜிபி ஹை எண்ட்யூரன்ஸ் போட்டா 500 நாள். 128 போட்டா 1,000 நாள். முன்னாடி பின்னாடி ரெண்டு கேமரான்னா இதுல பாதின்னு வெச்சுக்குங்க, ஏன்னா அந்த மணிக் கணக்கெல்லாம் ஒரே ஒரு ஃபுல் எச்டி கேமராவுக்குச் சொன்னது. ராத்திரியெல்லாம் பார்க்கிங் மோட்ல (வண்டி நிக்கும்போதும் பதிவு பண்ற முறை) ஓட விடுறவங்க அந்த மணி நேரத்தையும் கூட்டிக்கணும். வைப்பர் பிளேடு மாதிரி இதுவும் தேய்மானச் சாமான்தான், தேதி பார்த்து மாத்தணும்.

சாதாரண கார்டோட வாரண்டி அட்டையைப் பொடி எழுத்து வரைக்கும் படிச்சுப் பாருங்க. டேஷ்கேம், சிசிடிவி மாதிரி தொடர்ந்து பதிவு பண்ற சாதனத்துல போட்டா வாரண்டி செல்லாதுன்னு பல கார்டுல போட்டிருப்பாங்க. கடையில யாரும் இதை வாய் திறந்து சொல்ல மாட்டாங்க.

பாக்கெட் மேல இருக்கிற எழுத்தும் எண்ணும்

பெரிய எழுத்துல '150 எம்பி/விநாடி'ன்னு போட்டிருக்கும். அது கார்டுலேருந்து படிக்கிற வேகம். கம்ப்யூட்டருக்கு வீடியோவை காப்பி பண்ணும்போது உதவும், அவ்வளவுதான். கேமராவுக்கு வேண்டியது எழுதுற வேகம், அதுவும் எந்த நேரத்துலயும் குறையாம இருக்கிற வேகம். அதைச் சொல்றது சின்னச் சின்ன முத்திரைகள். வட்டத்துக்குள்ள 10 இருந்தா விநாடிக்கு குறைஞ்சது 10 எம்பி. யு1-ம் அதே 10 தான். யு3, வி30 ரெண்டும் 30.

4கே கேமராவே பெரும்பாலும் விநாடிக்கு 60 மெகாபிட்டைத் தாண்டாது. எட்டால வகுத்தா 7.5 எம்பி. அதனால கணக்குப்படி யு1 கார்டே போதும். ஆனா கார்டு வயசாக ஆக, சூடு ஏற ஏற வேகம் குறையும். அதுக்கு ஒரு இடைவெளி வேணும்ங்கிறதால நான் யு3 அல்லது வி30 தான் போடுறது. வி60, வி90 எல்லாம் சினிமா கேமராக்காரங்க சமாசாரம், காசு வேஸ்ட். ஏ1, ஏ2ன்னு இருந்தா அது ஃபோன்ல ஆப் ஓட்டுறதுக்கான அளவு, டேஷ்கேமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. "ஏ2 இருக்கு சார், லேட்டஸ்ட்"னு சொல்லி விலை ஏத்தினா சிரிச்சுட்டு அடுத்த கடைக்குப் போயிடுங்க.

எத்தனை ஜிபி

இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. கேமராவுல லூப் நேரத்தை, அதாவது ஒவ்வொரு ஃபைலோட நீளத்தை, ஒரு நிமிஷத்துல வெச்சு கொஞ்ச தூரம் ஓட்டுங்க. அப்புறம் ஒரு ஃபைல் எத்தனை எம்பின்னு பாருங்க. 120 எம்பி இருந்தா, மணிக்கு 7.2 ஜிபி. 64 ஜிபி கார்டுல எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல நிக்கும். பின்னாடி கேமராவும் இருந்தா அதோட ஃபைலையும் சேர்த்துக் கூட்டணும். முன்னாடி 4கே, பின்னாடி ஃபுல் எச்டின்னா ரெண்டும் சேர்ந்து மணிக்கு 25 ஜிபி வரைக்கும் போகலாம். அப்ப 64 ஜிபியில ரெண்டரை மணி நேரம்கூட முழுசா இருக்காது.

அந்த ரெண்டரை மணி நேரம் போதுமாங்கிறதை நீங்கதான் சொல்லணும். காலையில சென்னையில கிளம்பி மதுரைக்குப் போறீங்க. வழியில ஒரு ஓட்டல் பார்க்கிங்ல எவனோ பம்பரை உரசிட்டுப் போயிருக்கான். ராத்திரி மதுரையில வண்டியைக் கழுவும்போதுதான் கண்ணுல படுது. அதுக்குள்ள அந்த வீடியோ மேல புதுசு எழுதியாச்சு. நெடுந்தூரம் ஓட்டுறவங்களுக்கு 128-க்குக் கீழே நான் சொல்றதே இல்ல. 4கே ரெட்டைக் கேமரான்னா 256.

ஆனா கேமரா எத்தனை ஜிபி வரைக்கும் ஏத்துக்கும்னு கையேட்டுல பார்த்துட்டு வாங்குங்க. சில மலிவு கேமராக்கள் 32 ஜிபியோட நின்னுடும். 32 வரைக்கும் எஸ்டிஎச்சி வகை, ஃபேட்32 முறையில ஃபார்மேட் ஆகியிருக்கும். 64-லேருந்து எஸ்டிஎக்ஸ்சி, எக்ஸ்ஃபேட் முறை. சில கேமராவுக்கு எக்ஸ்ஃபேட் புரியாது. 64-ஐ உள்ளே போட்டதும் "கார்டு எர்ரர்"னு காட்டும். கேமராவுக்குள்ளேயே ஃபார்மேட் கொடுத்தா அதுவே ஃபேட்32-வா மாத்திக்கிட்டு ஓட ஆரம்பிக்கும். அதுக்கும் மசியலைன்னா சின்ன கார்டுதான்.

கம்ப்யூட்டர்ல போட்டா 64 ஜிபி கார்டு 59 சொச்சம்தான் காட்டுதுன்னு சண்டைக்கு வந்தவங்க உண்டு. அது ஏமாத்து வேலை இல்லைங்க. கார்டு கம்பெனி ஜிபியை ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1,024 கணக்குல எண்ணுது, அந்த வித்தியாசம்தான்.

டூப்ளிகேட்

நிஜமான ஏமாத்து வேற. 8 ஜிபி கார்டுக்குள்ள இருக்கிற கன்ட்ரோலர் சிப்புல ஒரு எண்ணை மாத்தி '128 ஜிபி'ன்னு சொல்ல வெச்சிருப்பாங்க. அட்டை, பிளிஸ்டர் பாக்கெட், லோகோ எல்லாம் அச்சு அசல். போட்டா வேலையும் செய்யும். 8 ஜிபி நிரம்பின பிறகு வர்றதெல்லாம் போற இடம் தெரியாது. ஃபைல் பேரு இருக்கும், சைஸ் இருக்கும், திறந்தா ஓடாது. லூப் ரெக்கார்டிங்ல இதை நீங்க கவனிக்கவே மாட்டீங்க, கேமராவுல சிவப்புப் புள்ளி மின்னிக்கிட்டே இருக்கும்ல.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குங்க, மால்ல வாங்குங்க, ஆன்லைன்ல வாங்குங்க, ஜிஎஸ்டி பில்லோட வாங்குங்க. ஆன்லைன்ல நல்ல பிராண்டு பேரு போட்டிருந்தாலும் விக்கிறது யாருன்னு கீழே பாருங்க. மத்த எல்லா இடத்துலயும் ஒரு விலை இருக்கும்போது ஒருத்தர் மட்டும் பாதி விலைக்குக் கொடுக்கிறார்னா, காரணம் தெரிஞ்சதுதான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சோதனை. விண்டோஸ்ல 'எச்2டெஸ்ட்டபிள்யூ'ன்னு ஒரு சின்ன இலவச புரோகிராம் இருக்கு, இன்ஸ்டால்கூட பண்ண வேண்டாம். மேக், லினக்ஸ்ல 'எஃப்3'. ரெண்டும் ஒரே வேலைதான் செய்யும்: கார்டு முழுசும் ஒவ்வொரு ஜிபியா எழுதி நிரப்பும், அப்புறம் எழுதினது அப்படியே இருக்கான்னு திரும்பப் படிச்சுப் பார்க்கும். காலி கார்டுலதான் செய்யணும். 64 ஜிபிக்கு சாதாரண ரீடர்ல ஒண்ணு, ஒன்றரை மணி நேரம் ஆகலாம். போட்டுட்டு சாப்பிடப் போயிடுங்க. பிழை இல்லாம முடிஞ்சதுன்னு வந்தா கார்டு நிஜம். எழுதின வேகத்தையும் கடைசியில காட்டும், அதையும் பார்த்துக்குங்க. பாதியில பிழை வந்தா பில்லோட அன்னைக்கே திருப்பிக் கொடுங்க.

முதல் தடவை போடும்போது

சோதனை முடிஞ்ச கார்டை கேமராவுல போட்டு கேமரா மெனுவுலயே ஃபார்மேட் பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல பண்ணினது போதாது, ஒவ்வொரு கேமராவும் தனக்கு வேண்டிய ஃபோல்டரை தானே போட்டுக்கும். கார்டு ஏதாவது குழப்பம் பண்ணினா மட்டும் கம்ப்யூட்டர்ல எஸ்டி அசோசியேஷனோட 'எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர்' போட்டு ஒரு தடவை சுத்தம் பண்ணிட்டு, மறுபடி கேமராவுல ஃபார்மேட் பண்ணலாம்.

அடுத்தது ஜி-சென்சார். இதைப் பத்திக் கொஞ்சம் விளக்கமா சொல்லியாகணும், ஏன்னா "கார்டு ஃபுல்"னு வர்ற புகார்ல பெரும்பாலானதுக்கு இதுதான் காரணம். வண்டி குலுங்கினா ஏதோ மோதிடுச்சுன்னு நினைச்சு கேமரா அந்த ஃபைலைப் பூட்டி 'ஈவென்ட்' ஃபோல்டர்ல போட்டுடும். பூட்டின ஃபைலை லூப் தொடாது. வெளிநாட்டு ரோட்டுக்குன்னு அளவு வெச்ச சென்சார் நம்ம ஊர்ல என்ன பண்ணும்? பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒண்ணுல ஏறி இறங்கினா ஒரு ஃபைல். மழைக்கு அப்புறம் வேளச்சேரி பக்கம் ஒரு ரவுண்டு போனா பத்து ஃபைல். கதவை ஓங்கிச் சாத்தினாக்கூடப் பூட்டும். கொஞ்ச வாரத்துல கார்டுல முக்கால்வாசி இடம் பூட்டின ஃபைலா நிக்கும். மிச்சம் இருக்கிற துக்கடா இடத்துல லூப் சுத்தும். பாதி நாள் வீடியோ இருக்கும்னு நம்பிக்கிட்டு இருப்பீங்க, இருக்கிறது அரை மணி நேரம்தான். அந்தத் துக்கடா இடத்துல இருக்கிற செல்லெல்லாம் சீக்கிரம் தேயவும் வாய்ப்பு இருக்கு. அதனால சென்சாரை 'லோ'வுல வைங்க. அப்பவும் பூட்டுதுன்னா அணைச்சே வைங்க. மோதினா கையால பூட்டுற பட்டன் பெரும்பாலான கேமராவுல உண்டு. அது எங்கே இருக்குன்னு இருட்டுல தடவினாலும் தெரியிற அளவுக்குப் பழகிக்குங்க.

லூப் நேரம் ஒரு நிமிஷமோ மூணு நிமிஷமோ போதும். பல கேமரா எம்பி4-ல எழுதும். அதுல எந்தப் படம் எங்கே இருக்குங்கிற அட்டவணையை ஃபைல் முடியும்போதுதான் எழுதும். மோதின வேகத்துல பவர் போயிடுச்சுன்னா கடைசி ஃபைலுக்கு அட்டவணை இருக்காது, ஓடாது. ஒரு நிமிஷ ஃபைல்னா நஷ்டம் ஒரு நிமிஷத்துக்குள்ள, பத்து நிமிஷ ஃபைல்னா நஷ்டம் பெருசு.

தேதி, நேரம், நேர மண்டலம் (இந்தியாவுக்கு ஜிஎம்டி +5:30). இதையும் ஒரு தடவை சரி பார்த்துடுங்க. பேட்டரி இறங்கினதும் கடிகாரம் ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி 1-க்குப் போயிடுற கேமரா நிறைய இருக்கு.

வெயில்

சொந்தக் கார்ல கார்டு சாகிறது தேய்மானத்துல இல்ல, பெரும்பாலும் சூட்டுல. கார்டு மேல பொதுவா 85 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும்னு போட்டிருப்பாங்க. அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் திறந்த வெளியில நிறுத்தின வண்டியில, கண்ணாடியை ஒட்டின கறுப்பு கேமரா பெட்டியைத் தொட்டா கை சுடும். அந்த நேரத்துல கேமரா வேலையும் செஞ்சா அதோட சூடும் சேர்ந்துக்கும். ஃபிளாஷ் செல்லுல மின்னேற்றமாத்தான் தகவல் நிக்குது. சூடு ஏற ஏற அது கசியிற வேகமும் கூடும்.

கண்ணாடிக்குப் பின்னால, ரியர்வியூ மிரர் மறைவுல கேமராவை ஒட்டச் சொல்றேன். நேர் வெயில் குறையும், பார்வைக்கும் இடைஞ்சல் இல்ல. முன் கண்ணாடிக்கு சன்ஷேட் போடுறவங்க கேமராவுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மறைக்கிற மாதிரி போடணும், கேமராவை உள்ளே அடைச்சு மூடிடக் கூடாது. மே மாசம் பகல்ல வெயில்ல நிறுத்தும்போது பார்க்கிங் மோடை அணைச்சுடுங்க. கேமராவே வாங்கப் போறீங்கன்னா லித்தியம் பேட்டரி வெச்சதை விட்டுட்டு சூப்பர் கெப்பாசிட்டர் (பேட்டரிக்குப் பதிலா கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பாகம்) வெச்சதா பார்த்து வாங்குங்க. பேட்டரி சூட்டுல உப்பி, உடம்பையே பிளந்துக்கிட்டு வந்த கேமரா என் மேஜையில இப்பவும் ஒண்ணு கிடக்கு.

கழட்டும்போது

ஓடிக்கிட்டு இருக்கிற கேமராவுலேருந்து கார்டை உருவாதீங்க. இக்னிஷனை அணைங்க, விளக்கு அணையிற வரைக்கும் பொறுங்க, அதுக்கு மேல ஒரு பத்து விநாடி. கெப்பாசிட்டர்ல இருக்கிற மிச்ச மின்சாரத்துலதான் அது கடைசி ஃபைலை மூடும். சில வண்டியில சாவியை எடுத்த பிறகும் லைட்டர் சாக்கெட்ல கரண்ட் இருக்கும், அங்கே பிளக்கைப் பிடுங்கணும்.

அப்புறம் அந்த ஸ்பிரிங். நகத்தால அமுக்கி விட்டீங்கன்னா கார்டு 'டிக்'னு துள்ளி வெளியே பாயும். டேஷ்போர்டும் முன் கண்ணாடியும் சேர்ற இடத்துல டீஃபாகர் காத்து (கண்ணாடியில படியிற ஆவியைப் போக்குறது) வர்ற நீளத் துளை இருக்கு பாருங்க, விரல் நகம் அளவு கார்டு விழுறதுக்குன்னே வெட்டி வெச்ச மாதிரி இருக்கும். உள்ளே போச்சுன்னா டேஷ்போர்டைக் கழட்டணும், கூலி கார்டு விலையைப் போல பல மடங்கு. அந்தத் துளை மேல ஒரு துணியை விரிச்சுட்டு, ஒரு விரலால ஸ்லாட் வாயை மூடிக்கிட்டு அமுக்குங்க.

எடுத்த கார்டை ஃபோன்ல போட்டுப் பார்க்கிறவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். ஆண்ட்ராய்டுல சில சமயம் "இந்த எஸ்டி கார்டை ஆதரிக்கலை, செட்டப் பண்ண தட்டவும்"னு வரும். தட்டி அடுத்தடுத்து ஓகே கொடுத்தா கார்டை அழிச்சு ஃபார்மேட் பண்ணிடும். வீடியோ போச்சு. விண்டோஸ்ல "டிரைவ்ல பிரச்சினை இருக்கு, ஸ்கேன் பண்ணி சரி செய்யவா"ன்னு கேட்டாலும் மூடிட்டு நேரா வீடியோவை காப்பி பண்ணுங்க. சரி செய்யறேன்னு அது பாதி ஃபைலை வெட்டித் தள்ளலாம். காப்பி பண்ண கேமராவோட வைஃபையை விட ஒரு நல்ல யுஎஸ்பி ரீடர் எவ்வளவோ வேகம்.

செத்துக்கிட்டு இருக்கிற கார்டு

மாசம் ஒரு தடவை செய்ய வேண்டியது ரெண்டு. முதல்ல ஃபைல் பட்டியலைத் திறந்து நேரத்தைப் பாருங்க. 9.01, 9.04, 9.07ன்னு தொடர்ச்சியா வரணும். நடுவுல 9.07-க்கு அடுத்து 9.31னு குதிச்சா, 0 கேபி ஃபைல் கண்ணுல பட்டா கார்டு தடுமாறுதுன்னு அர்த்தம். அங்கங்கே நாலஞ்சு ஃபைலை ஓட்டியும் பாருங்க, படம் கட்டம் கட்டமா உடையக் கூடாது. அது முடிஞ்சதும் வேண்டியதை எடுத்து வெச்சுக்கிட்டு கேமராவுலயே ஃபார்மேட். டாக்ஸின்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. கேமரா தானா ரீஸ்டார்ட் ஆகுறது, "கார்டைப் போடவும்"னு அப்பப்ப கத்துறது, "ஸ்லோ கார்டு"ன்னு எழுத்து வர்றது எல்லாம் அதே வியாதிதான். தொடுமுனையில அழுக்கு இருந்தாலும் இப்படிப் பண்ணும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு ஒரு தடவை துடைச்சுப் பாருங்க.

இதுல ஒரு வகை ஆளையே பைத்தியமாக்கும். ஒரு டாக்ஸி தம்பி வந்தார். "அண்ணே, நேத்து எல்லாத்தையும் டிலீட் பண்ணினேன். இன்னைக்குப் பாத்தா அத்தனையும் இருக்கு. பேய் புடிச்சிருக்கா இதுக்கு?"

"ஃபார்மேட் பண்ணிப் பாத்தியா தம்பி?"

"பண்ணினேண்ணே. 'முடிஞ்சது'ன்னு சொல்லுது. திரும்பப் போட்டா பழைய சவாரி எல்லாம் அப்படியே இருக்கு."

ரீடர்ல போட்டேன். கடைசி ஃபைல் தேதி மூணு மாசத்துக்கு முந்தினது. அத்தனை நாளா கேமரா சிவப்புப் புள்ளியைக் காட்டிக்கிட்டு எதையுமே எழுதல. ஆயுள் முடிஞ்ச கார்டு இருக்கிறதையாவது காப்பாத்தலாம்னு தன்னைத்தானே படிக்க மட்டும்ங்கிற நிலைக்குப் பூட்டிக்கும். அழிக்கச் சொன்னா சரின்னு சொல்லும், அழிக்காது. அதுக்கு மருந்து கிடையாது. உள்ளே இருக்கிறதை காப்பி எடுத்துட்டு குப்பையில போடணும்.

புதுசு போடும்போது ஸ்கெட்ச் பேனாவால வாங்கின மாசம், வருஷத்தை கேமராவோட ஒட்டுப் பட்டையிலயோ சன்வைசருக்குப் பின்னாலயோ எழுதிடுங்க. மணிக் கணக்கு போட அது இருந்தா போதும்.

மோதல் நடந்துடுச்சுன்னா

முதல்ல ஆளுங்களுக்கு அடி பட்டிருக்கான்னு பாருங்க. அப்புறம் பூட்டுற பட்டனை அமுக்குங்க. அடுத்ததா கேமராவை அணைச்சு கார்டைக் கையில எடுங்க. ஸ்டேஷனுக்கு வண்டியை ஓட்டிக்கிட்டுப் போற அரை மணி நேரத்துலயே சின்ன கார்டுல பழைய வீடியோ அழிய ஆரம்பிச்சுடலாம். கையுறைப் பெட்டியில ஒரு உதிரி கார்டு, சோதனை பண்ணி ஃபார்மேட் பண்ணினது, எப்பவும் இருக்கட்டும். அதைப் போட்டுக்கிட்டு ஓட்டலாம்.

வீடியோவை வெட்டாம, சத்தத்தை நீக்காம, முழு ஃபைலா ரெண்டு இடத்துல காப்பி எடுங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினது தரம் குறைஞ்ச நகல், அதை ஆதாரம்னு நம்பி மூலத்தை அழிச்சுடாதீங்க. மூல கார்டை ஒரு கவர்ல போட்டு, தேதி எழுதி, வழக்கு முடியிற வரைக்கும் பத்திரமா வைங்க. 2024 ஜூலை 1-லேருந்து பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில இருக்கு. அதோட 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவோட நகலைக் கொடுத்தா கூடவே சான்றிதழ் வேணும். பழைய சட்டத்துல 65பின்னு வக்கீல்கள் சொல்வாங்களே, அதேதான். இப்ப அந்தப் படிவத்துல ரெண்டு பகுதி இருக்கு: ஒண்ணு நீங்க நிரப்புறது, இன்னொண்ணு நிபுணர் நிரப்புறது. ஃபைலோட ஹேஷ் எண்ணையும் போடணும், அது ஃபைலோட கைரேகை மாதிரி. ஃபைல்ல ஒரு புள்ளி மாறினாலும் ஹேஷ் மாறிடும், வெட்டக் கூடாதுன்னு சொன்னது அதனாலதான். 2020-ல அர்ஜுன் பண்டித்ராவ் வழக்குல உச்ச நீதிமன்றம், நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம், மூல சாதனத்தையே உரிமையாளர் சாட்சிக் கூண்டுல நின்னு நிரூபிச்சா சான்றிதழ் தேவையில்லைன்னு சொல்லியிருக்கு. மூல கார்டை போலீஸ் கேட்டா கொடுக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி காப்பி எடுங்க, கொடுத்ததுக்கு ரசீது வாங்குங்க. மிச்சத்தை வக்கீல் பார்த்துக்குவார்.

கடைசி ஃபைல் ஓடலைன்னா பதறி கார்டை மறுபடி கேமராவுல போடாதீங்க. புதுசா ஒரு பைட்கூட அதுல எழுதக் கூடாது. 'அன்ட்ரங்க்'னு ஒரு இலவச கருவி இருக்கு. அதே கேமராவுல எடுத்த நல்ல வீடியோ ஒண்ணை மாதிரியா காட்டினா, அட்டவணை இல்லாத ஃபைலை ஓட வைக்க அது முயற்சி பண்ணும். அழிஞ்ச ஃபைலுக்கு 'ஃபோட்டோரெக்'. ரெண்டையும் கார்டோட முழு நகல் எடுத்து அந்த நகல் மேலதான் ஓட்டணும். கைப்பழக்கம் இல்லைன்னா தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

வண்டியை விக்கும்போது

கேமராவோட சேர்த்து வண்டியை விக்கிறவங்க கார்டை விட்டுட்டுப் போறதை நிறையப் பார்க்கிறேன். உங்க வீட்டு வாசல், பசங்க பள்ளிக்கூடம், வண்டிக்குள்ள பேசின பேச்சு, ஜிபிஎஸ் இருந்தா தினசரி போற வழி, அத்தனையும் அதுல இருக்கு. டிலீட் பண்ணினாலும் ஃபோட்டோரெக் மாதிரி கருவி போட்டு எடுத்துடலாம். கார்டைக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. புது ஓனருக்குக் கார்டு வேணும்னா அவரே வாங்கிக்கட்டும். தேய்ஞ்ச பழைய கார்டை ஃபோனுக்கோ பையன் கேமராவுக்கோ போட்டுக் கொடுக்காதீங்க, கட்டிங் பிளேயர்ல ரெண்டா ஒடிச்சு மின்கழிவுல போட்டுடுங்க.